பத்திரகிரியாரும் அவரைத் தொடர்ந்த நாயும்

உலகில் மனிதனோடு ஒன்றி வாழும் விலங்குகளுள் நாயைப்போல் ஒருங்கே இகழ்ச்சியும் புகழ்ச்சியும் பெற்றது பிறிதொன்றில்லை. ஒருவனை வைய விரும்புவோர் நாயென்று வைவர்; நன்றிக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோரும் நாயையே காட்டுவர். அடியார்களும் தம்மைத் தாழ்த்திக் கூறுமிடத்து நாயையே உவமை கொண்டனர். இத்தகைய பிராணியொன்று, முடிதுறந்த மன்னர் ஒருவரின் வரலாற்றில் நீக்கவொண்ணாத இடம் பெற்றுள்ளது. அம்மன்னர் பத்திரகிரியார், அவர் வாழ்ந்த இடம் நம் சோழவளநாட்டுத் திருவிடைமருதூர். அவர் வரலாற்றை நாயின் வழிநின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திருவிடைமருதூர், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில், காவிரி பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்த பேரூர். வடக்கே ஸ்ரீசைலம் தலைமருது எனவும், தெற்கே நெல்லை நாட்டுத் திருப்புடைமருதூர் கடைமருது எனவும் பெயர்பெற, இடையே இருத்தலின் இது இடைமருது ஆயிற்று. மூன்று தலங்களுக்கும் மருதமே தலமரம். இங்கு எழுந்தருளியிருக்கும் இறைவர் மகாலிங்கப் பெருமான். தைப்பூசத் திருவிழாவிற்கு இவ்வூரில் கூடும் கூட்டம் பெரிது.

இக்கோயிலின் கீழைவாயிலையும் மேலைவாயிலையும் பற்றி ஒரு பழங்கதை உண்டு. வரகுண பாண்டியன் அறியாது செய்த அந்தணக்கொலையின் பாவம் உருக்கொண்டு அவனை விடாது தொடர்ந்ததாம். அவன் இக்கோயிலின் கீழைவாயில் வழியே உள்ளே புகுந்தான். பாவம் உள்ளே புக மாட்டாது, அவன் திரும்பி வருவான் என்று அவ்வாயிலிலேயே காத்து நின்றது. அவனோ இறைவன் ஆணைப்படி மேலைவாயில் வழியே வெளியேறி உய்ந்தான். அன்று தொட்டு அப்பாவம் அங்கேயே நிற்கிறது என்பர். ஆதலின் வந்த வழியே திரும்பாது வேறு வாயிலாற் செல்லுதல் இங்கு வழக்கமாயிற்று. தொடர்ந்து வந்ததொன்று தடம் இழந்து நின்ற கதை இது. இதே கோயிலின் மேலைவாயிலில், தொடர்ந்து வந்ததொன்று தடம் இழவாது பற்றிய கதையும் உண்டு. அதுவே பத்திரகிரியாரின் கதை.

பத்திரகிரியாரை அறிய அவர் ஆசிரியரை முதலில் அறிதல் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் திருவெண்காடர், மகப்பேறின்றி வருந்தி, திருவிடைமருதூர் மருதமரத்தின் கீழ்க் கிடைத்த குழந்தை ஒன்றை ஏற்று, மருதவாணன் எனப் பெயரிட்டு வளர்த்தார் என்பது மரபு. அம்மைந்தன் கடல்வாணிகஞ் செய்து மீண்டு, காதறுந்த ஊசி ஒன்றும் ஓலை ஒன்றும் அடங்கிய பேழையைத் தந்தைக்கு விட்டு மறைந்தான். அதனைக் கண்ட திருவெண்காடர் பெருஞ்செல்வம் அனைத்தையுந் துறந்து கோவணத்துடன் புறப்பட்டார். அவரையே நாம் பட்டினத்தார் என்கிறோம்.

அவர் வடநாட்டில் யாத்திரை செய்து வருங்கால் உச்சயினியை அடைந்து, நகர்ப்புறத்து விநாயகர் கோயில் ஒன்றில் நிட்டையில் அமர்ந்தார். அந்நகரை ஆண்டவர் பத்திரகிரி மன்னர். அன்றிரவு அரண்மனையிற் கன்னமிட்ட கள்வர் சிலர், தம் செயல் கைகூடிய மகிழ்ச்சியில் முத்துமாலை ஒன்றைப் பிள்ளையாருக்கென இருளில் வீசிச் சென்றனர். அது பட்டினத்தார் கழுத்தில் விழுந்தது. காலையிற் காவலர் அவரைப் பிடித்தனர். நிட்டையில் இருந்தவர் மறுமொழி கூறவில்லை. மன்னர் தீர விசாரியாது கழுவேற்ற ஆணையிட்டார். பட்டினத்தார் ஒரு பாட்டுப் பாட, கழுமரம் தீப்பற்றி எரிந்தது. செய்தி கேட்ட மன்னர் ஓடி வந்து அவர் அடியில் வீழ்ந்தார். தம் ஆராயாமை ஓர் உயிரை மாய்க்க இருந்தது என்னும் எண்ணம் அவர் நெஞ்சைச் சுட்டது. அன்றே முடியையும் நாட்டையும் மனையையுந் துறந்து, பட்டினத்தாரையே ஆசிரியராகக் கொண்டார் என வரலாறு கூறுகிறது.

பின்னர் அவர் ஆசிரியர் பணித்தபடி திருவிடைமருதூரை அடைந்தார். பட்டினத்தார் கீழைக் கோபுரத்தில் அமர்ந்தார். பத்திரகிரியார் மேலைக் கோபுரத்தில் அமர்ந்தார். அவ்விரு வாயில்களிலும் இருவரையும் நினைவுறுத்தும் திருவுருவங்களை இன்றும் காணலாம். மாணவர் நாடோறும் ஓடேந்தி ஊர்த்தெருக்களில் இரந்து, பெற்ற சோற்றை முதலில் ஆசிரியர்க்குப் படைப்பார். எஞ்சியதைத் தாம் உண்பார். நேற்றுவரை பிறர்க்கு ஆணையிட்ட கை இன்று பிறர் வாயிலில் நீண்டது. இதனை அவர் இழிவாகக் கருதவில்லை.

ஒருநாள் அவர் உண்ணுங்கால் பசியால் மெலிந்த பெட்டை நாயொன்று அருகில் வந்து நின்றது. இரக்கங்கொண்டு தம் ஓட்டில் எஞ்சியதை அதற்கிட்டார். அன்று முதல் அது அவரை விட்டகலவில்லை. அவர் இரக்கச் சென்றால் பின்செல்லும். மேலைவாயிலில் அமர்ந்தால் அருகே கிடக்கும். ஓட்டில் எஞ்சுவதே அதற்கு உணவு.

ஈண்டு நாம் சற்றே நின்று ஒன்று வினவுதல் தகும். திருவிழாக் கூட்டம் நெருங்கும் ஊரில், ஆயிரம் பாதங்கள் மிதித்த தெருவில், ஒரு நாய் தன் தலைவன் சென்ற வழியை மட்டும் எங்ஙனம் பிரித்தறியும்? நம் முன்னோர் இதனை மோப்பம் என்னும் ஒரு சொல்லால் அடக்கினர். அச்சொல்லினுள் அடங்கிய நுட்பங்களை இன்று ஒருவாறு விரித்துக் கூறலாம்.

மணத்தை உணரும் நரம்பணுக்கள் மனிதன் மூக்கில் ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் வரை உள்ளன எனக் கணக்கிடுவர். நாய்க்கோ, இனத்திற்கேற்ப, அவை 10 கோடி முதல் 30 கோடி வரை உண்டு என்பர். எண்ணிக்கை மட்டுமன்று, மூக்கின் அமைப்பும் வேறு. நாய் மோந்து உள்ளிழுக்கும் காற்று மூக்கினுள் இருவழிப் படுகிறது. ஒரு பங்கு நுரையீரலுக்குச் செல்கிறது. மற்றொரு பங்கு பின்புறத்துள்ள மோப்ப அறையிற் சென்று தங்குகிறது. வெளிவிடும் மூச்சோ மூக்குத் துளையின் பக்கப் பிளவு வழியே வெளியேறுவதால், முன்னே உள்ள மணத்தை அடித்துக் கலைப்பதில்லை. இவ்வாறு ஒரு நொடிக்கு ஐந்தாறு முறை மோந்தாலும் மணம் இடையறாது உட்செல்லும். ஈரமுள்ள மூக்கின் நுனி, மணந்தரும் நுண்பொருள்களைப் பற்ற உதவுகிறது.

இனி, மோக்கப்படும் பொருள் யாது? நம் தோலின் மேற்படை ஒவ்வொரு கணமும் கண்ணுக்குத் தெரியாத நுண்செதில்களாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அவற்றிற் படிந்துள்ளன. நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கும்போது மணம் பிறக்கிறது. அம்மணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அடிச்சுவட்டில் ஒருவகை மணமும் உண்டு. மிதிபட்ட புல்லும் கிளறுண்ட மண்ணும் வேறொரு மணம் தரும். உதிர்ந்த செதில்கள் காற்றில் மிதந்து, வழியின் இருமருங்கும், சுவரோரத்திலும், வரப்போரத்திலும் படியும். ஆதலின் தடந்தேடும் நாய்கள் மூவகையாகத் தொழில் செய்கின்றன. சில நிலத்தில் மூக்கை ஒட்டி அடிச்சுவட்டைச் சுவடு சுவடாகப் பற்றும். சில, சுவட்டிற்குச் சற்று விலகியும் ஒரே மனிதனின் மணத்தைத் தொடரும். சில தலையை உயர்த்திக் காற்றில் வரும் மணத்தைக் கொண்டே ஆள் இருக்கும் இடத்தை அடையும். தேர்ந்த நாய் இடத்திற்கேற்ப இம்மூன்றையும் மாற்றி மாற்றிக் கையாளும்.

இதனைச் சோதித்தறிந்தோருள் இங்கிலாந்தின் ஜார்ஜ் ரோமானிஸ் என்னும் அறிஞர் ஒருவர். அவர் 1887-இல் வெளியிட்ட சோதனைகள் சுவையானவை. தம்மையுஞ் சேர்த்துப் பன்னிருவரை ஒருவர் பின் ஒருவராக நடக்கச் செய்தார். அவர் முன் நடந்தார். பின்வந்தோர் ஒவ்வொருவரும் முன்சென்றவர் சுவட்டிலேயே கால் வைத்தனர். 200 கஜம் சென்றபின் அவரும் அவரைத் தொடர்ந்த ஐவரும் வலப்பக்கம் திரும்ப, ஏனையோர் இடப்பக்கம் திரும்பி, இரு சாராரும் தொலைவிற் சென்று மறைந்தனர். பின்னர் அவருடைய நாயை அவிழ்த்து விட்டனர். அது பொதுத்தடத்தில் விரைந்தோடிப் பிரியுமிடத்தைச் சற்றே கடந்து, உடனே மீண்டு, ஐயமின்றி வலப்பக்கத் தடத்தையே பற்றியது. பதினொருவர் மிதித்து மறைத்தும் தலைவனின் சுவடு அதற்கு மறையவில்லை. மற்றொரு முறை அவர் தம் காலணியைத் தடித்த காகிதத்தால் மூடி நடந்தார். நாய் தடத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் குதிகாலருகே காகிதம் சிறிது தேய்ந்து கிழிந்த இடத்தை எய்தியதும் அதனை அறிந்துகொண்டது.

சுவட்டைக் கண்டால் மட்டும் போதாது; ஆள் எத்திசை சென்றான் என்பதும் தெரிதல் வேண்டும். 1993-இல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர், பழக்கிய நாய்களைத் தடத்தின் குறுக்கே விட்டுப் பார்த்தனர். அவை இரண்டு முதல் ஐந்து சுவடுகளை மோந்து, மூன்று முதல் ஐந்து நொடிகளுக்குள் திசையை உறுதி செய்தன. முதற்சுவட்டிற்கும் ஐந்தாஞ்சுவட்டிற்கும் இடையே கழிந்த காலம் ஓரிரு நொடிகளே. அச்சிறு இடைவெளியில் மணத்தில் நேரும் மாறுதலையே நாய் அளந்தறிகிறது என்பது அவர்கள் முடிபு. நாம் கண்ணால் நாழிகை பார்க்கிறோம். நாய் மூக்கால் நொடியைப் பார்க்கிறது.

நிலமும் பருவமும் மோப்பத்திற்குத் துணையும் தடையும் ஆகும். மார்கழி விடியலில் பனி படிந்த வரப்பில் மணம் தாழ்ந்து தங்கும். ஈர மண்ணும் புல்லும் அதனைக் காக்கும். சித்திரை நண்பகலில் சுட்டெரியும் தெருப்புழுதியில் அது விரைவில் மாயும். வெயிலில் ஓடிய நாய் நாவைத் தொங்கவிட்டு இரைக்கும்போது நன்கு மோக்கவும் இயலாது. வாய்க்காலைக் கடந்தவன் தடம் நீரில் அறுபடும். நாயோ கரையோரம் மேலுங் கீழும் தேடி, அவன் ஏறிய இடத்தில் மீண்டும் தடத்தைப் பற்றும். இந்த இயற்கை ஆற்றலைப் பயிற்சியால் ஒழுங்குபடுத்தியே காவலர் பயன்கொள்கின்றனர். தேடவேண்டியவன் தொட்ட துணியை முதலில் மோக்கச் செய்து, பின் தடத்தில் விடுவர். சென்னையில் 1951-ஆம் ஆண்டு காவல்துறையினர் இத்தகைய நாய்ப்படையொன்றை ஏற்படுத்தினர். உச்சயினி மன்னரிடம் அத்தகைய நாயொன்று இருந்திருப்பின், அது கள்வரின் தடத்தையே பற்றியிருக்கும், கழுமரம் நாட்டப்பட்டிராது. மனிதர் கண்ணுக்குச் சான்றாகத் தோன்றியது கழுத்தில் கிடந்த மாலை. நாயோ மாலையைக் கண்டு மயங்காது. யார் எவ்வழி நடந்தார் என்பதையே கேட்கும்.

மீண்டும் மேலைவாயிலுக்கு வருவோம். பத்திரகிரியார் முடியைக் களைந்தார், பட்டாடையைக் களைந்தார், பெயரையும் மறந்தார். ஆயினும் உடல் உள்ளவரை உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்கும். உடைமை ஒன்றும் இல்லாதவனும் நடந்த வழியெல்லாம் தன்னைச் சிறிது சிறிதாக விட்டுச் செல்கிறான். அதனைப் பற்றிக்கொண்டு ஒரு நாய் பின்னே வருகிறது. துறவி உலகை விட்டாலும் உலகின் ஓருயிர் துறவியை விடவில்லை. இந்நிலை எத்தனை காலம் நிலைத்தது என்று கதை கணக்கிடவில்லை. முடிவை மட்டும் தெளிவாகச் சொல்கிறது.

ஒருநாள் இறைவனே இரவலன் வடிவில் கீழைவாயிலுக்கு வந்து பட்டினத்தாரிடம் அன்னம் கேட்டான். அவர், தம்மிடம் ஒன்றுமில்லை என்றும், மேலைவாயிலில் குடும்பி ஒருவன் இருக்கிறான், அவனிடம் கேட்கலாம் என்றும் கூறி அனுப்பினார். இரவலன் அவ்வாறே சென்று உரைத்தான். பத்திரகிரியார் திடுக்குற்றார். நாட்டைத் துறந்த தம்மை ஆசிரியர் குடும்பி என்றது எதனால் என்று சிந்தித்தார். கையில் ஓடு, அருகில் நாய். இவ்விரண்டுமே தம்மைக் குடும்பியாக்கின என்று தெளிந்து, ஓட்டை நாயின்மேல் எறிந்தார். ஓடு உடைந்தது, நாயும் மாண்டது.

இவ்விடத்தைப் படிக்குந்தோறும் நெஞ்சு நோகிறது. ஆராயாது கழுவேற்ற ஆணையிட்டதற்கு வருந்தி அரசைத் துறந்தவர், ஆராயாது எறிந்த ஓட்டால் மற்றோருயிரை மாய்த்தார். குற்றமற்ற அந்நாய் செய்தது யாது? சோறிட்ட கையை மறவாது தொடர்ந்ததொன்றே. பற்றை அறுத்தார் என்று இதனைப் போற்றுவோர் உளர். அவ்வளவோடு கதை முடிந்திருப்பின் நாமும் வாளா இருந்திருப்போம். ஆனால் கதையை வழிவழி சொல்லிவந்த நம் மக்கள் அவ்வளவில் அதை முடிக்க உடன்படவில்லை.

ஞானியின் எச்சிலை உண்ட சிறப்பால் அந்நாய் காசியரசன் மகளாய்ப் பிறந்ததாம். மணப்பருவம் எய்திய அம்மங்கை, தன் தலைவன் திருவிடைமருதூர் மேலைவாயிலில் இருக்கிறான் என்று கூறி, வேறெவரையும் மணக்க மறுத்தாள். அரசன் அவளை அழைத்துக்கொண்டு காவிரிநாடு வந்தான். அவள் நேரே மேலைவாயிலை அடைந்து பத்திரகிரியாரின் அடியை வணங்கினாள். அவர் தம் ஆசிரியரிடம் சென்று, அந்நாய் மீண்டும் வந்ததென முறையிட்டார். அப்போது இறைவன் சந்நிதியில் பேரொளியொன்று தோன்ற, அவரும் அம்மங்கையும் ஒருங்கே அதிற் கலந்தனர். ஆசிரியருக்கு முன்பே மாணவர்க்கு வீடு கிட்டியது. பட்டினத்தாரோ பின்னும் பல தலங்கள் சென்று, முடிவில் திருவொற்றியூரில் அடங்கினார்.

இக்கதையைச் சரித்திரச் சான்றாக எவரும் கொள்ளவேண்டுவதில்லை. எனினும் இதனைச் சொல்லிவந்தோர் நாயின் இயல்பை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை. பெருந்தடம் வாய்க்காலில் அறுபட்டால் மறுகரையில் அதைத் தேடிப் பற்றுவது நாயின் இயல்பன்றோ? இங்கே தடத்தை அறுத்தது சாவு. மறுகரை மறுபிறவி. அங்கும் அது மேலைவாயிலையே வந்தடைந்தது. கீழைவாயிலில் பாண்டியனின் பாவம் தடமிழந்து காத்துக் கிடக்க, மேலைவாயிலில் நாயின் அன்பு தடமிழவாது வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒரே கோயிலில் வைத்த பழையோர், தொடர்வன எல்லாம் தளை அல்ல என்று நமக்கு உணர்த்தினர் போலும்.

இது பழங்கதைக்கு மட்டும் உரிய செய்தி என்று கருதற்க. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணில் மூழ்கியது. 70 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மீட்போர் நாள்தோறும் தேடியும் இரண்டு வயதுக் குழந்தையொன்று அகப்படவில்லை. அவ்வீட்டில் வளர்ந்த குவி என்னும் நாய், ஒருவரும் பழக்காத நாட்டு நாய், சரிந்த மண்ணிடையே திரிந்து திரிந்து தேடியது. ஒரு வாரம் கழிந்தபின் அது ஆற்றங்கரையில் நின்று நீரையே நோக்கியது. அதுகண்டு அங்கே தேடியவர்கள், மரத்தில் தடைப்பட்டுக் கிடந்த குழந்தையின் உடலைக் கண்டெடுத்தனர். அக்குழந்தை தன் கையால் அந்நாய்க்கு எத்தனை முறை சோறு ஊட்டியதோ! பின்னர்க் காவல்துறை நாய்ப்படையினர் குவியைத் தம்மிடத்துக் கொண்டுசென்று சில காலம் பேணினர்.

பத்திரகிரியார் இயற்றியதாக வழங்கும் நூல் மெய்ஞ்ஞானப் புலம்பல். இருநூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள் கொண்ட அந்நூல் முழுவதும் எக்காலம் என்னும் ஏக்கத்திலேயே கண்ணிதோறும் முடிகிறது. இன்ன நிலை எனக்கு என்று வாய்க்கும் என்று வினவி வினவிக் காத்திருக்கும் உள்ளம் அது. அதனை ஓதுங்கால், மேலைவாயிலின் படியருகே தன் தலைவன் எழுவது எப்போது என்று தலைதூக்கி நோக்கிக் கிடந்த நாயின் உருவம் மனத்தில் தோன்றாமற் போவதில்லை. அவர் ஆண்டவனை நோக்கிக் காத்தார். அது அவரை நோக்கிக் காத்தது. முடிவில் இரண்டும் ஓரொளியிற் கலந்தன என்பதே மரபு கூறும் தீர்ப்பு.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை திருவிடைமருதூர் செல்வீராயின், கீழைவாயிலால் உட்புகுந்து மகாலிங்கப் பெருமானைக் கண்டபின், மேலைவாயிலில் பத்திரகிரியார்முன் சிறிது நில்லுங்கள். வெளியே தெருவோரத்தில் நாயொன்று படுத்திருந்தால் அதன்மேல் கல்லெறியாது செல்லுங்கள். ஓர் ஓட்டை எறிந்தவர்க்கே அவ்வுயிரை உடன்கொண்டு செல்லும்வரை வீடு கிட்டவில்லை.